மின் திட்டமிடல்: மெகாவாட்டும் மணி நேரமும்

நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் நம் மின் நிலையங்களின் மொத்த நிறுவுதிறன் சுமார் 1,362 மெகாவாட் மட்டுமே. 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நிறுவுதிறனில் பாதி சூரிய ஒளி, காற்று, புனல், அணு முதலியவற்றைச் சார்ந்த நிலையங்களுடையதாயிற்று. ஆயினும் நாம் பயன்படுத்தும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. இதற்குக் காரணம் என்ன?

நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. ஒரு மெகாவாட் திறனுள்ள இயந்திரம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனுடன் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். அனல் மின் நிலையம் இதில் 70 சதவீதம் இயங்குவதாகக் கொண்டால் 61 லட்சம் யூனிட் தரும். சூரிய மின் நிலையமோ ஐந்தில் ஒரு பங்கு அளவே, அதாவது ஏறத்தாழ 17.5 லட்சம் யூனிட் தரும். எனவே மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல் நிலையத்தின் 4,760 மெகாவாட்டையும் ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவின் 2,245 மெகாவாட்டையும் வெறும் எண்களாக ஒப்பிடுவது பொருந்தாது.

காலம் இதனினும் முக்கியமானது. மின் தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் கணந்தோறும் சமமாக இருத்தல் வேண்டும். சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகுகிறது. வீடுகளில் விளக்கேற்றும் மாலையில் மறைந்துவிடுகிறது. அனல் நிலையத்தின் கொதிகலன் குளிர்ந்துவிட்டால் மீண்டும் இயக்கப் பல மணி நேரமாகும். ஆதலால் பகலில் அதன் உற்பத்தியைக் குறைக்கலாமேயன்றி, நாள்தோறும் நிறுத்தி இயக்குதல் எளிதன்று.

இவ்விடைவெளியை நிரப்ப உதவுவது நீரேற்றுப் புனல் மின் நிலையம். மின்சாரம் மிகும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் தேக்கத்துக்கு நீரை ஏற்றி, தேவை மிகும்போது அதனைக் கீழிறக்கிச் சுழலியை இயக்குவதே இதன் முறை. நான்கு யூனிட் செலவிட்டால் ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். மேற்கு வங்கத்தின் புருலியாவில் 900 மெகாவாட் நிலையமும், தமிழ்நாட்டின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையமும் இவ்வகையின. சில மணி நேரச் சேமிப்புக்கு மின்கலத் தொகுதிகளும் நிறுவப்பட்டு வருகின்றன.

தேவையை வெயில் நேரத்துக்கு மாற்றுவது மற்றொரு வழி. குஜராத்தில் 2020 இல் தொடங்கப்பட்ட கிசான் சூர்யோதய திட்டம் பாசனத்துக்குப் பகலில் மின்சாரம் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. நள்ளிரவில் மின்சாரம் வரும் வேளைக்காகக் காத்திருந்து, பாம்புக்கும் பனிக்கும் அஞ்சியபடி வயலுக்குச் சென்ற உழவருக்கு இது தொழில்நுட்பச் சீர்திருத்தம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

2030 ஆம் ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 5,00,000 மெகாவாட் திறனை அடைவது நாட்டின் இலக்கு. இதன் பயனை மதிப்பிடும் மாணவரும் அலுவலரும் ஒவ்வொரு திட்டத்தையும் மூன்று வினாக்களால் ஆராய வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும்? எந்த நேரத்தில் கிடைக்கும்? அந்நேரத்தில் அதனைப் பயன்படுத்தவோ சேமிக்கவோ வழி உண்டா? இவற்றுக்கு விடை காணாமல் மெகாவாட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், நண்பகலில் மின்சாரம் வீணாகும். மாலையில் பற்றாக்குறை நீடிக்கும்.