குட்டியைத் தூக்கி வருமுன்

அன்புள்ள தம்பிக்கு,

மீட்பு இல்லத்திலிருந்து எடுத்துவரப் போகும் குட்டியின் படத்தைப் பார்த்தேன். ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் கிடக்கிறது. லேப் கிராஸா, நாட்டு நாயா என்று கேட்டிருக்கிறாய். பார்வைக்கு ஊகிக்கலாம், அவ்வளவுதான். அதைவிட அதன் வயதைக் கேள். தாயிடம் எவ்வளவு நாள் இருந்தது, குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டு, ஊசி அட்டையையும் வாங்கிப் பார். எட்டு வாரம் ஆகாத குட்டி என்றால், பொறு.

கிண்டிக்குப் போகும் வழியில் வேளச்சேரி சாலையில் புளூ கிராஸைப் பார்த்திருப்பாய். 1959இல், தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை கேப்டன் சுந்தரம் என்ற விமானி வீட்டுக்குத் தூக்கிவந்ததில் தொடங்கிய அமைப்பு அது. அவர் மனைவி உஷாவும் விமானிதான். தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த மாநகராட்சியிடம் 1964 முதலே கருத்தடையை வற்புறுத்தினார்கள்; 1996இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. ஆகவே, குட்டி வளர்ந்ததும் கருத்தடை செய்வதாக மீட்பு இல்லத்தில் உன்னிடம் எழுதி வாங்கினால் முகம் சுளிக்காதே.

முதல் இரண்டு மாதம்தான் கஷ்டம். பார்வோ என்ற வைரஸ் குட்டிகளை வாந்தியும் ரத்தபேதியுமாகச் சில நாளில் சாய்த்துவிடும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் வேண்டும். மூன்று, நான்கு வார இடைவெளியில் போடும் ஊசிகள் நான்கு மாத வயதுவாக்கில் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதே. ஆனால் அதுவரை அறைக்குள் பூட்டி வைப்பதும் தப்பு. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பார்த்துக் கேட்டுப் பழகியதுதான் நாய்க்குப் பிற்பாடு பயமில்லாதது. தினமும் கையில் தூக்கிக்கொண்டு மேடவாக்கம் கூட்ரோடு வரை நட. பஸ் ஹாரன், மேம்பாலத்து இரைச்சல், ஹெல்மெட் மாட்டிய ஆள், குடை எல்லாவற்றையும் உன் தோளில் இருந்தே பார்க்கட்டும். பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதில் மிச்சமாகும் என்பது என் கணக்கு.

வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்கிறபடி. அதற்குள் குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. குட்டிதானே என்று விடாதே.

சாப்பாட்டில் சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் ஆகாது. பாலும் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

அடுக்குமாடிச் சங்கத்தார் நாய் கூடாது என்றால் சண்டைக்குப் போகாதே. அப்படித் தடை போடக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பிரதி எடுத்துக் காட்டு. கூடவே, நாய் அசுத்தம் செய்தால் நீயே அள்ளிவிடு. சட்டத்தைவிட இதுதான் அவர்களைச் சமாதானப்படுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகாதே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ கல்லூரிக்குப் போனபின் பகல் முழுக்க அதோடு இருக்கப்போவது அவள்தான். அவள் மனசார சரி என்று சொல்லாவிட்டால், இந்த வருஷம் வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா