பழைய கார் ஏ.சி.யைக் கழற்றப் போகிறீர்களா? கண் ஜாக்கிரதை!

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு மத்தியான வெயிலில் காரில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் ஏ.சி.யின் அருமை தெரியும். ஆனால், வீட்டில் நிற்கிற பழைய அம்பாசிடரிலும் மாருதி 800-லும் ஏ.சி. ஓய்ந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். ரிப்பேர் செலவைக் கேட்டால் தலை சுற்றும். "வேலை செய்யாததைச் சுமந்துக்கிட்டு எதுக்குங்க? கழற்றி எறிஞ்சிடலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரும் கையுமாக வீட்டுக்காரர் இறங்குவார். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து குனிவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கூலிங் வரலேன்னா, காஸ் இல்லைதானே?

இல்லை! பெல்ட் அறுந்திருந்தாலும், கம்ப்ரசரின் கிளட்ச் கெட்டிருந்தாலும் கூலிங் வராது. ஆனால் காஸ் முழுசாக உள்ளேயே இருக்கலாம். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று சுமார் 30 பவுண்டு. 40 டிகிரி வெயிலில் நிற்கிற காரின் ஏ.சி. குழாய்க்குள் இருக்கும் அழுத்தமோ 120 பவுண்டுக்கும் மேல். அந்த நட்டை முகத்துக்கு நேரே வைத்துத் திருகினால் என்ன ஆகும்?

உடம்புக்கு என்ன கெடுதல்?

கண்ணும் கையும்: பழைய கார்களில் இருப்பது ஆர்-12. பிறகு வந்தவற்றில் ஆர்-134ஏ. திரவமாக வெளியே பீய்ச்சினால், முன்னது மைனஸ் 30 டிகிரியிலும் பின்னது மைனஸ் 26 டிகிரியிலும் கொதித்து ஆவியாகும். வீட்டு ஃப்ரீசரே மைனஸ் 18தான்! பட்ட இடத்தில் தோல் உறைந்து வெளுக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மூச்சும் இதயமும்: இந்த காஸ் காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மூடிய ஷெட்டிலும், பட்டறையில் வண்டிக்கு அடியில் தோண்டிய பள்ளத்திலும் கீழேயே தங்கும். பெரிதாக வாடை இல்லாததால் தெரியாமலே தலைசுற்றி மயக்கம் வரும். அதிகம் சுவாசித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

நெருப்பு: காஸ் இருக்கும்போது வெல்டிங் வைத்தால் விஷப் புகை கிளம்பும். ஆர்-12 எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, கொஞ்சம் பாஸ்ஜீன்கூட வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே பாஸ்ஜீன்தான்! பீடி, சிகரெட்டும் கூடாது. சில வண்டிகளில் மலிவாக இருக்கிறதென்று சமையல் காஸ் மாதிரி எரியக்கூடியதை நிரப்பியிருப்பார்கள். ஒரு பொறி போதும்.

எப்படிக் கழற்றுவது?

* முதலில் ஏ.சி. மெக்கானிக்கிடம் போய், மெஷின் வைத்து காஸை சிலிண்டரில் இழுத்துவிடச் சொல்லுங்கள். வால்வை அமுக்கிக் காற்றில் விடக் கூடாது. ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கக்கூடியது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-ல் சேர்ந்தது.

* இன்ஜின் ஆறட்டும். பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.

* காஸ் இழுத்த பிறகும் மிச்சம் இருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நட்டை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். "உஸ்..." என்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள்.

* ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது கண்டென்சர். இழுக்கும்போது ரேடியேட்டரில் இடிக்க வேண்டாம். கம்ப்ரசரில் இருக்கிற ஆயிலைக் கண்மாயிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

* டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியில் பல வருஷத் தூசியும் பூஞ்சையும் இருக்கும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் கிட்டவே வர வேண்டாம்.

* முக்கியமான விஷயம்: குழாய் நுழைந்த ஓட்டைகளை ரப்பர் வைத்து இறுக்கி அடையுங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சைலன்சர் குழாய் எங்காவது கசிந்தால், அந்த ஓட்டை வழியாக கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் சீட்டில் தூங்கும் குழந்தைக்கு எமன் அதுதான்.

பட்டுவிட்டால்?

தோலில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். தேய்க்காதீர்கள். ஐஸ், வெந்நீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீர் விட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள். மயங்கியவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து அசையாமல் படுக்க வையுங்கள். ஆனால் நீங்கள் மூச்சடைக்கும் பள்ளத்துக்குள் குதித்துவிடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் "ஏ.சி. காஸ்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் சில இதய மருந்துகள் ஆபத்தாகலாம் என்பதால் அது அவருக்குத் தெரிய வேண்டும். விஷப் புகையைச் சுவாசித்தவர் "இப்ப சரியாயிடுச்சு" என்றாலும் விடக் கூடாது. சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

காஸை இழுக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மிச்சத்தை நிதானமாகச் செய்யுங்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்க் கண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்!