குளிர்காலத்தில் ஐரோப்பா போகும் தங்கைக்கு

தங்கச்சி, பத்து நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிக், ரோம்னு எட்டு ஊரை அடைத்து நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கோடையிலேயே அது மூச்சு முட்டும். டிசம்பரில் வேண்டவே வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று மூன்றே ஊர் வைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவிலிருந்து பிராகுக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம், புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. விமான நிலைய அலைச்சலே இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். சீட் ரிசர்வேஷனுக்குத் தனியாகக் காசு கட்டணும், அதையும் சேர்த்தே போட்டுவிடு. இல்லையென்றால் பெட்டியோடு நின்றுகொண்டே போக வேண்டி வரலாம்.

ஊரைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம்தான். டிசம்பர் நடுவில் பிராகில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டு. நம்ம ஊர் மாதிரி ஆறு மணி வரைக்கும் சுத்தலாம் என்று கணக்குப் போட்டால் பாதி இடம் விட்டுப்போகும். அதனால் வெளியில் பார்க்க வேண்டியதை எல்லாம் காலை ஒன்பதிலிருந்து மூன்றுக்குள் முடித்துவிடுங்கள். அரண்மனைத் தோட்டம், கோட்டை, ஆற்றங்கரை நடை எல்லாம் அந்த நேரத்துக்கு. பிராகின் சார்லஸ் பாலத்துக்கு மட்டும் விடியும்போதே போய்விடுங்கள். 1357-ல் கட்டத் தொடங்கிய, அரை கிலோமீட்டர் நீளக் கல்பாலம். பத்து மணிக்கு மேல் அங்கே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம்.

இருட்டிய பிறகு அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம் வியாழக்கிழமைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அங்கே புரூகல் 1565-ல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியம் இருக்கிறது. கிட்டத்தட்ட வெறும் கையோடு திரும்பும் வேட்டைக்காரர்கள், தலை தொங்கிய நாய்கள், கீழே உறைந்த குளத்தில் விளையாடும் சின்னச் சின்ன மனிதர்கள். வெளியே அந்தக் குளிரில் நடந்துவிட்டு வந்து பார்த்தால் படம் வேறு மாதிரி பேசும். பத்து நிமிஷமாவது எதிரே உட்காருங்கள். ஸ்டேட் ஆப்பராவில் நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட் ரொம்ப மலிவு. புடாபெஸ்டில் டானூப் ஓரமாகப் போகும் 2-ம் நம்பர் டிராமில் ஏறினால், விளக்கு போட்ட பாராளுமன்றக் கட்டடத்தைப் பஸ் காசில் பார்த்துவிடலாம்.

அதே ஊரில் செச்செனி வெந்நீர்க் குளியல் இருக்கிறது. 1913-ல் திறந்தது. வெளியில் காற்று பூஜ்யம் டிகிரி, குளத்தில் தண்ணீர் 38 டிகிரி வரை. நீராவியில் பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியாது. கஷ்டமெல்லாம் கதவிலிருந்து குளம் வரைக்குமான அந்த ஓட்டம்தான். ரப்பர் செருப்பு, துண்டு, நீச்சல் உடை மூன்றையும் இங்கிருந்தே எடுத்துப் போ. தலைமுடியை நன்றாக உலர்த்தி, தொப்பி போட்ட பிறகுதான் வெளியே காலெடுத்து வைக்கணும்.

துணி விஷயத்தில் எல்லோரும் தடியாக ஒரு கோட்டு வாங்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. உடம்போடு ஒட்டின மாதிரி தெர்மல், அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கடை, ரயில், மியூசியம் எல்லாவற்றிலும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும், உடனே கழற்ற வசதியாக இருக்கணும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உலராது, வெளியே வந்ததும் குளிர் அதன் வழியாகத்தான் ஏறும். காசைக் குறைப்பதென்றால் ஜாக்கெட்டில் குறை, ஷூவில் குறைக்காதே. தண்ணீர் புகாத, அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ, கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்கு. விரல் அசைய இடம் வேண்டும், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். புறப்படும் முன் இரண்டு வாரம் நம்ம தெருவிலேயே போட்டு நடந்து பழக்கு. அங்கே தெருவெல்லாம் பாவுகல், புது ஷூ காலைக் கடித்தால் பயணமே போச்சு. தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும், வாஸ்லின் எடுத்துக்கொள். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், உள் பாக்கெட்டில் வை. இருவர் துணியையும் இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதியாக வை. ஒரு பெட்டி வந்துசேரத் தாமதமானாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

சாப்பாடு. நீ சைவம் என்பதால் சொல்கிறேன், பிராகிலும் புடாபெஸ்டிலும் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்கு. பிராகில் பொரித்த சீஸ், புடாபெஸ்டில் லாங்கோஷ் என்கிற பொரித்த ரொட்டி, வியன்னாவில் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்கிற நூடுல்ஸ் உனக்கு ஒத்துவரும். அம்மா நெய்யும் பால்கோவாவும் கட்டிக் கொடுப்பாள், வாங்காதே. பால், இறைச்சிப் பண்டங்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகத் தடை. பருப்புப்பொடி போதும். மதியம் மூன்று மணிக்குப் பசியும் குளிரும் சேரும்போதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும். அந்த நேரத்துக்கு வியன்னாவில் ஒரு காபி ஹவுஸில் உட்கார்ந்துவிடுங்கள். தட்டில் காபியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பார்கள், ஒரே காபிக்கு மணிக்கணக்கில் இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

வியன்னாவில் யூரோ, பிராகில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட். ஏடிஎம் ‘ரூபாயில் கணக்கிடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்து, உள்ளூர்க் காசிலேயே எடு. அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் நிறைய போய்விடும். கழிப்பறைக்கும் சந்தைக்கும் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள். பிராக் மெட்ரோவில் தடுப்புக் கதவே இருக்காது. அதனால் காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தப் பலரும் மறந்துவிடுவார்கள். பரிசோதகர் பிடித்தால் அபராதம்தான்.

டிசம்பர் 24 மதியத்தோடு வியன்னாவிலும் பிராகிலும் கடைகள் மூடத் தொடங்கிவிடும், புடாபெஸ்டில் அன்றே விடுமுறை; 25, 26 எங்கும் விடுமுறை. வியன்னாவில் சாதாரண ஞாயிறன்றே சூப்பர் மார்க்கெட் திறக்காது, பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. 23-ம் தேதியே ரொட்டி, பால், பழம் வாங்கி அறையில் வை. கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான பானம் கொடுக்கும் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும்.

கடைசியாக விசா. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பருக்குப் போவதென்றால் ஆகஸ்டிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடு, மாப்பிள்ளையின் லீவு லெட்டரையும் இப்போதே கேட்டு வாங்கி வை.