டிவிடி டிரைவ் தெரியவில்லையா? புதிது வாங்க ஓடாதீர்கள்

‘டிரைவ் அவுட் சார், வேற மாத்திடுங்க.’ டிவிடி எழுதும் மென்பொருள் டிரைவைக் காட்ட மறுத்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும் பதில் இதுதான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஸ்கேன் படங்களை சிடியில் போட்டு நோயாளியிடம் கொடுக்க வேண்டிய ஸ்கேன் சென்டர் ஊழியருக்கும் இதே பதில். சிசிடிவி காட்சியைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய அவசரத்தில் வந்து நிற்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் இதே பதில். சொல்பவர் பெரும்பாலும் சிபியூவின் பக்கவாட்டுத் தகட்டைக்கூடக் கழற்றிப் பார்ப்பதில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறப்பதும் இல்லை. மென்பொருளில் பெயர் வரவில்லை, அதனால் டிரைவ் போய்விட்டது என்று ஊகிக்கிறார். அந்த ஊகத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதே என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நேற்றுவரை ஒழுங்காக ஓடிய டிரைவ் இன்று மென்பொருளில் தெரியவில்லை என்று வருகிறவற்றில் பெரும்பாலானவற்றில் டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை.

மென்பொருளுக்கு டிரைவ் எப்படித் தெரிகிறது என்று புரிந்துகொண்டால் இந்தப் புரளி பாதி அடங்கிவிடும். கம்ப்யூட்டர் தன்னோடு இணைந்திருக்கும் டிரைவிடம் முதலில் ‘நீ யார்’ என்று கேட்கிறது. இதற்கு ‘இன்கொயரி’ என்றே ஒரு கட்டளை உண்டு. டிரைவின் சர்க்யூட் போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் தன் கம்பெனிப் பெயர், மாடல், பதிப்பு எண் மூன்றையும் பதிலாக அனுப்பும். அடுத்து, எந்தெந்தத் தட்டைப் படிப்பாய், எதில் எழுதுவாய் என்று இன்னொரு கேள்வி போகும். எழுதத் தெரியும் என்று பதில் வந்தால் மட்டுமே மென்பொருள் அதைத் தன் பட்டியலில் சேர்க்கும். இவ்வளவும் நடக்க உள்ளே தட்டு இருக்க வேண்டியதில்லை, லேசர் எரிய வேண்டியதில்லை, மோட்டார் சுற்ற வேண்டியதில்லை. தட்டைப் படிக்கவில்லை என்பது ஒரு நோய், டிரைவே தெரியவில்லை என்பது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதுகிறவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

சோதிப்பதும் எளிது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே டிரைவின் மாடல் பெயர் இருக்கிறதா? இருந்தால் கேபிள், பவர், சர்க்யூட் போர்டு மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். இன்னும் சந்தேகமா, லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அங்கே டிரைவ் தெரிந்து, பிரசேரோ மாதிரி ஒரு இலவச மென்பொருளில் தட்டும் எழுதி முடிந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது. கோளாறு விண்டோஸுக்குள் இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. இதைச் செய்யாமல் ‘அவுட்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

விண்டோஸுக்குள் என்ன கோளாறு? அடிக்கடி நடப்பது இதுதான். டிவிடி டிரைவை நேரடியாகக் கையாள்வது விண்டோஸோடு வரும் ‘சிடிராம்.சிஸ்’ என்ற டிரைவர். அதற்கு மேலும் கீழும் மற்ற மென்பொருள்கள் தங்கள் சின்ன டிரைவர்களைச் செருகிக்கொள்ளலாம். இவற்றுக்கு ஃபில்டர் டிரைவர் என்று பெயர். ஐட்யூன்ஸ் ‘கியர்ஆஸ்பி’ என்ற ஒன்றைச் செருகும். ரோக்ஸியோ குடும்பத்து மென்பொருள்கள் ‘பிஎக்ஸ்ஹெல்ப்’ என்ற ஒன்றைச் செருகும். போகும் வழியில் சோதனைச்சாவடி வைப்பது போலத்தான்: எல்லாக் கட்டளையும் அவற்றைத் தாண்டித்தான் டிரைவுக்குப் போக வேண்டும். அந்த மென்பொருளை நீங்கள் பிறகு நீக்குகிறீர்கள். டிரைவர் ஃபைல் போய்விடுகிறது, விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் மட்டும் தங்கிவிடுகிறது. விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைத் தேடுகிறது, கிடைக்காததால் டிரைவையே இயக்காமல் நிறுத்திவிடுகிறது.

இது நான் கட்டிச் சொல்லும் கதை இல்லை. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு வழக்கே உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி இசைக் கம்பெனி தன் ஆடியோ சிடிகளில் காப்பி தடுக்கும் மென்பொருளைச் சேர்த்து விற்றது. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டவர்களின் விண்டோஸுக்குள் அது ஒளிந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ரஸ்ஸினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒளிந்திருந்த டிரைவர் ஃபைல்களை அவர் அழித்ததும் அவருடைய சிடி டிரைவே விண்டோஸிலிருந்து காணாமல் போய்விட்டது. ஃபைலை அழித்தாரே தவிர, அது ஃபில்டராகப் பதிந்து வைத்திருந்த பெயர் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை நீக்கியதும் டிரைவ் திரும்பி வந்துவிட்டது. அவர் டிரைவ் கடைக்குப் போகவில்லை. அடுத்த மாதமே கம்பெனி அந்தச் சிடிகளைத் திரும்பப் பெற்றது.

இப்போது புரளியின் கழுத்தைப் பிடிப்போம். இப்படிச் சிக்கும் ஃபில்டர் பதிவு பெரும்பாலும் ஒரு தனி டிரைவோடு ஒட்டியிருப்பதில்லை. ‘சிடி, டிவிடி டிரைவ்கள்’ என்ற வகை முழுவதற்கும் சேர்த்து அது பதிவாகிறது. நீங்கள் புது டிரைவ் வாங்கி மாட்டினாலும் அதுவும் அதே வகைதான், அதே பதிவில்தான் சிக்கும். புது டிரைவும் தெரியாது. அப்புறம் கேபிளை மாற்றச் சொல்வார்கள், அதற்கும் அசையாவிட்டால் மதர்போர்டில் சந்தேகம் என்பார்கள்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. டிரைவும் மாற்றியாகிவிட்டது, கேபிளும் மாற்றியாகிவிட்டது, மதர்போர்டுக்கு விலை சொல்லியிருந்த நேரத்தில் சிபியூ என் மேஜைக்கு வந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் டிவிடி டிரைவின் பெயர் அங்கே இருக்கிறது, ஓரத்தில் மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி. அதை இரண்டு முறை சொடுக்கினால், டிரைவர் பழுதாகியோ காணாமலோ போயிருக்கலாம் என்ற செய்தி, கடைசியில் ‘கோடு 39’. ரெஜிஸ்ட்ரியில் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’ என்ற பதிவைப் பார்த்தேன். எப்போதோ நீக்கிய ஒரு மென்பொருளின் டிரைவர் பெயர் அதில் இருந்தது. டிரைவர்ஸ் ஃபோல்டரில் அந்த ஃபைல் இல்லை. பதிவை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் டிரைவ் தெரிந்தது. ‘செத்துப்போச்சு’ என்று கழற்றித் திருப்பிக் கொடுத்திருந்த பழைய டிரைவையும் வரவழைத்து மாட்டிப் பார்த்தேன். அதுவும் தட்டு எழுதியது. அவர் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் வீண்.

செய்முறை இதுதான். விண்டோஸ் தேடலில் ‘ரெஜ்எடிட்’ என்று கொடுத்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே நீள நீளமான எண்களோடு நிறைய ஃபோல்டர்கள் இருக்கும். 4டி36இ965 என்று தொடங்குவதைத் தேடுங்கள். வலப்பக்கத்தில் ‘கிளாஸ்’ என்பதற்கு நேராக ‘சிடிராம்’ என்று இருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். முதலில் அந்த ஃபோல்டரை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ இரண்டில் எது இருந்தாலும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் உதவிக் குறிப்புகளிலேயே இருக்கும் தீர்வுதான் இது. கோடு 19, 31, 32, 39, 41 என்று எது வந்தாலும் முதலில் இங்கே பாருங்கள். பக்கத்து ஃபோல்டரில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். கீபோர்டு வகையிலும் இதே பெயரில் பதிவு உண்டு. அதை அழித்தால் கீபோர்டு போகும். வால்யூம் வகையில் அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காது. சிடிராம் பதிவை நீக்கிய பிறகு ஐட்யூன்ஸ் போன்றவை தங்கள் செட்டிங்கைக் காணவில்லை என்று முறையிடலாம். அந்த மென்பொருளைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்.

டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் இல்லை, படமும் ஓடுகிறது, எழுதும் மென்பொருளில் மட்டும் டிரைவ் இல்லை என்றால் விஷயம் வேறு. முதலில் அது ரைட்டர்தானா என்று முன்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் படிக்க மட்டும் தெரிந்த டிவிடி ராம் இருக்கும், அல்லது சிடியில் எழுதி டிவிடியைப் படிக்க மட்டும் செய்யும் காம்போ இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. அடுத்தது அனுமதி. இந்த மென்பொருள்கள் கட்டளையை நேராக டிரைவுக்கு அனுப்புகிறவை, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவைப்படலாம். நீரோ இதற்காகவே ‘பர்ன்ரைட்ஸ்’ என்று தனி ஒரு கருவி கொடுத்தது. மென்பொருளின் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கிப் பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் தட்டு எழுதுவதையே நிர்வாகம் பாலிசியில் தடுத்திருக்கலாம்; அதை அவிழ்க்க வேண்டியவர் உங்கள் சிஸ்டம் நிர்வாகி. விண்டோஸ் 98 காலத்து மென்பொருளாக இருந்தால் அது ‘ஆஸ்பி’ என்ற பழைய வழியைத் தேடி நிற்கும். இம்ஜ்பர்ன் போட்டுப் பாருங்கள். இலவசம், கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. அதன் செட்டிங்கில் எந்த வழியாக டிரைவோடு பேச வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ‘எஸ்பிடிஐ’ போதும்.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. லென்ஸ் கிளீனர் போட்டால் டிரைவ் தெரியும் என்பது பொய். பெயர் சொல்வதில் லென்ஸுக்கு வேலையே இல்லை. ரீஜன் கோடு மாற வேண்டும் என்பதும் பொய். இந்தியா ரீஜன் 5, அது விலைக்கு வரும் படத் தட்டுகளைப் பூட்டுவதற்கு மட்டும், எழுதுவதைத் தொடாது. ‘நெட்டில் டிவிடி டிரைவர் இறக்கிப் போடுங்கள்’ என்பது பொய் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அந்த டிரைவர் விண்டோஸோடே வருகிறது. ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வருபவற்றைத் தொடாதீர்கள். ஃபார்மட் அடித்தால் சரியாகும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு வரிப் பதிவை அழிக்க ஒருவருடைய முழுக் கம்ப்யூட்டரையும் அழிப்பது சோம்பேறித்தனம். யுஎஸ்பியில் மாட்டும் எக்ஸ்டர்னல் டிரைவ் தெரிந்து தெரிந்து மறைந்தால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், எழுதும்போது டிரைவ் அதைவிட அதிகம் கேட்கலாம். முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கம் மாட்டுங்கள், ஹப் வேண்டாம்.

டிரைவ் உண்மையிலேயே சாவதும் உண்டு. கேபிளையும் சாட்டா போர்ட்டையும் மாற்றிய பிறகும் பயாஸில் பெயர் வரவில்லை, வேறு கம்ப்யூட்டரிலும் வரவில்லை என்றால் முடிந்தது. சிடி படிக்கிறது, டிவிடி மட்டும் படிப்பதில்லை என்றால் ஒரு லேசர் போயிருக்கலாம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று தனித்தனி லேசர்கள் உள்ளே உண்டு. அப்போதுகூடப் பெயர் தெரியும் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புது லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி டிரைவே வருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டிரைவும் இனி உங்கள் வீட்டு பீரோவில் கிடக்கும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு டிவிடிகளைப் படிக்க வழி. நாம் எழுதிய தட்டில் காட்சிகள் பதிந்திருப்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கின்றன; டிவி மேல் அடுக்கி வைத்த தட்டு சீக்கிரமே போகும். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கடையில் டிரைவை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இம்ஜ்பர்னில் ஒவ்வொரு தட்டையும் அப்படியே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து ஹார்ட் டிஸ்கில் சேருங்கள். ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. 1 டெராபைட் டிஸ்கில் 200 தட்டுகளுக்கு மேல் அடங்கும். உறவினர் வீட்டில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். டிரைவ் இன்று வேலை செய்கிறது என்றால் இந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.