எலும்பில் வேர்விடும் புழு

கேள்வி: திமிங்கில எலும்பைத் தின்னும் 'ஒசிடாக்ஸ்' புழுவின் படத்தைப் பார்த்தேன். சிவப்பு இறகும் பச்சை வேருமாகச் செடிபோல இருக்கிறது. உடலில் வளையமும் இல்லை, முள்ளும் இல்லை. இதை எப்படிக் கடல் முட்புழுக்களோடு சேர்த்தார்கள்? கலிபோர்னியாக் கடலில் மட்டும்தான் இருக்கிறதா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: நீங்கள் பார்த்தது பெண் புழு. ஆணைப் பார்த்திருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். பெண்ணைச் சுற்றியுள்ள கூழ்க்குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட எட்டாத ஆண்கள் டஜன்கணக்கில் குடியிருக்கும். லார்வா உருவத்தைத் தாண்டி அவை வளர்வதே இல்லை. அவற்றின் பின்முனையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கொக்கி முட்கள் தெரியும்.

ஒசிடாக்ஸின் குடும்பமான சிபோகிளினிடேயும் இப்படித்தான் ஆட்களைக் குழப்பியது. டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியக் கடல்களில் 'சிபோகா' கப்பல் அள்ளி வந்த புழுவை 1914இல் கோலெரி என்ற விலங்கியலாளர் விவரித்தார். வாயும் இல்லை, குடலும் இல்லை! பின்னால் வந்தவர்கள் இந்த வகைப் புழுக்களுக்குத் தனித் தொகுதியே கொடுத்துவிட்டார்கள். வலையில் வந்ததெல்லாம் அறுந்த புழுக்கள். பின்முனை சேற்றிலேயே தங்கிவிட்டது. 1964இல் வெப் என்பவர் நார்வேப் புழுவின் அந்த முனையை விவரித்தபோது வளையங்களும் முட்களும் வரிசையாக இருந்தன. பிறகு மரபணு ஆய்வும் சேர, தனித் தொகுதியாக இருந்தது, கடல் முட்புழுக்கள் அடங்கிய வளைதசைப் புழுக்களுக்குள் வெறும் குடும்பமாக இறங்கியது. அந்த இறக்கம் சரிதான்.

ஒசிடாக்ஸ் கிடைத்தது 2002இல், கலிபோர்னியாவின் மான்டரே கடற்பள்ளத்தாக்கில், 2,891 மீட்டர் ஆழத்தில் கிடந்த சாம்பல் திமிங்கிலச் சடலத்தில். வேர் அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கிறது. வேருக்குள் வாழும் பாக்டீரியாக்கள் சத்தெடுக்க உதவுகின்றன. 2004இல் இரண்டு சிற்றினங்களோடு பேரினம் அறிவிக்கப்பட்டது. இன்று இருபதுக்கும் மேல்.

கலிபோர்னியா மட்டுமல்ல. பேரினம் அறிவிக்கப்பட்ட மறு ஆண்டே, சுவீடன் கரையோரம் வெறும் 125 மீட்டரில் அகப்பட்ட ஒன்று விவரிக்கப்பட்டது. அப்புறம் ஜப்பான், அன்டார்டிகா, மத்தியதரைக் கடல், பிரேசிலின் ஆழ்கடல்.

ஆனால் இந்தப் பரவல் வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். எங்கெல்லாம் எலும்பைப் போட்டுத் தேடினார்களோ, அந்த இடங்களின் வரைபடம்தான் அது. திமிங்கிலம் வேண்டும் என்பதுகூட இல்லை. மான்டரேயில் மாட்டெலும்பிலும் மீன் எலும்பிலும் வளர்ந்திருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் ஆய்வாளர்கள் அலிகேட்டர் முதலையின் சடலத்தை இறக்கிப் பார்த்தார்கள். இரண்டே மாதத்துக்குள் எலும்பு மட்டும் மிஞ்சியது. அதிலும் ஒசிடாக்ஸ் வேர்விட்டிருந்தது, அதுவும் அறிவியலுக்குப் புதிய சிற்றினம்.