‘சப்ளையரிடம் கேளுங்கள்’ என்று கடை சொல்லலாமா?

கேள்வி:

வழக்கறிஞர் ஐயா, நான் தெலுக் இந்தானில் ஒரு தாமான் குடியிருப்பில் வசிக்கிறேன். முன்பு தோட்டத்தில் இருந்தோம். கணவரின் சேமிப்பில் வீட்டைக் கொஞ்சம் புதுப்பிக்கலாம் என்று ஈப்போவில் உள்ள ஒரு பெரிய வீட்டுப்பொருள் பேரங்காடிக்குப் போனோம். சமையலறைக் கேபினட் ஒன்றை 3,200 வெள்ளிக்கு வாங்கினோம். அதில் 400 வெள்ளி பொருத்தும் கூலி. எங்கள் வீடு பழையது, மழைக்காலத்தில் தரை ஈரம் கட்டும் என்று விற்பனையாளரிடம் சொன்னேன். “இது தண்ணீர் தாங்கும் பலகை, பயப்படாதீர்கள்” என்றார். இரண்டே மாதத்தில் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது. பொருத்த வந்தவர்கள் ஒரு கதவைக் கோணலாக மாட்டிவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள். அதோடு சரி, வரவே இல்லை.

கடையில் கேட்டால் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். இன்னொருவர் சப்ளையரிடம் கேளுங்கள் என்கிறார். போன் செய்தால் பாட்டு ஓடுகிறது, பிறகு துண்டித்துவிடுகிறது. கடைசியாக, கேபினட்டைக் கழற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்தால் 1,500 வெள்ளிக்கு வவுச்சர் தருவதாகச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பேசிய விதம் இன்னும் மனதை அறுக்கிறது. வழக்குப் போட எங்களுக்கு வசதி இல்லை. நடந்ததைக் கடையின் பெயரோடு முகநூலில் எழுதிவிடப் போவதாக என் மகன் சொல்கிறான். நாங்கள் என்ன செய்வது?

— ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, உங்களை மரியாதையில்லாமல் நடத்தியது. மற்றொன்று, கெட்ட பொருளைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. முதலாவதற்கு நம் மலேசியச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. பாட்டைப் போட்டுக் காக்கவைத்ததற்கும், முகம் சுளித்ததற்கும் எந்த மன்றமும் பணம் வாங்கித் தராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த அவமானத்தையே வழக்காக நினைத்துப் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். கெட்டுப்போன பொருளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். உங்கள் பலம் இரண்டாவது குறையில் இருக்கிறது. அந்தப் பலம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. அதற்கு முன்பு நாம் நம்பியிருந்தது 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தை. அதில் தரம் பற்றிய உத்தரவாதங்கள் இருந்தன. ஆனால், கடைக்காரர் ஒப்பந்தத்திலேயே அவற்றை விலக்கிவிட அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. 1999 சட்டத்தின் உத்தரவாதப் பகுதி பெரும்பாலும் நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அப்படி விலக்கும் வாசலை நம் 1999 சட்டத்தின் 6ஆம் பிரிவு அடைத்துவிட்டது. கடை எதை எழுதி ஒட்டினாலும், ரசீதின் பின்பக்கத்தில் எதை அச்சிட்டாலும், இந்தச் சட்டம் தரும் உரிமை போகாது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற அட்டையைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். மனம் மாறித் திருப்பித் தரும் பொருளுக்கு அந்த அட்டை செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. ஏழு நாள் கெடுவும் அப்படித்தான். அது கடை தானாக முன்வந்து தரும் சலுகைக்கு வைத்த கெடு. சட்டம் கொடுத்த உரிமைக்குக் கடை கெடு வைக்க முடியாது. இன்னும் சொல்லப்போனால், வாங்குபவருக்கு உள்ள உரிமையைப் பற்றித் தவறாகச் சொல்வதே 10ஆம் பிரிவின்படி குற்றம்.

இனி உங்கள் கேபினட்டுக்கு வருவோம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. ஆனால் உங்களுக்கு அதைவிடக் கூர்மையான ஆயுதம் 33ஆம் பிரிவு. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பதைக் கடைக்குச் சொல்லியிருந்தால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும். தரை ஈரம் கட்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், விற்பனையாளர் தாங்கும் என்றார். ஆகவே, வீட்டில் ஈரம் இருந்ததால்தான் பலகை உப்பியது என்று கடை சொன்னால், அந்த வாதம் அவர்களுக்கு எதிராகவே திரும்பும். அந்த ஈரத்தைச் சொல்லித்தானே வாங்கினீர்கள். இந்தப் பிரிவில் கடைக்கு இருக்கும் தப்பிக்கும் வழி ஒன்றுதான்: நீங்கள் விற்பனையாளரின் பேச்சை நம்பி வாங்கவில்லை, அல்லது அதை நம்பியது நியாயமில்லை என்று காட்டுவது. சாதாரண சிப்போர்டு எது, நீர் தாங்கும் பலகை எது என்று லேமினேட் ஒட்டிய பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு குடும்பத்தலைவியால் முடியாது. அதனால் அந்த வழி இங்கே திறக்காது என்பது என் கருத்து. அன்று உங்களுடன் வந்தவர்கள், விற்பனையாளர் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கடையின் விளம்பரத்தாளிலோ விலைச்சீட்டிலோ “தண்ணீர் தாங்கும்” என்று இருந்தால் அதைப் படம் எடுங்கள். பொருள் விவரிப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற 34ஆம் பிரிவும் அப்போது உங்கள் பக்கம் வந்துவிடும்.

சப்ளையரிடம் கேளுங்கள் என்ற பேச்சுக்கு என்ன பதில்? சட்டத்தின் கண்ணில் சப்ளையர் என்பவர் உங்களுக்கு விற்றவர்தான், அதாவது அந்தக் கடை. பலகையைச் செய்தது யார், இறக்குமதி செய்தது யார் என்பதெல்லாம் அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. தயாரிப்பாளர் மீதும் உரிமை கோரலாம் என்று சட்டம் இடம் தருவது உண்மை. ஆனால் யாரிடம் போவது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள், கடை அல்ல. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பக்கத்துக் கடையில் முதலாளியான தௌக்கேயே கல்லாவில் உட்கார்ந்திருப்பார், குறை என்றால் நேராக அவர் முன்னால் நிற்கலாம். இன்று கவுண்டர், கிளை மேலாளர், கோலாலம்பூர் தொலைபேசி மையம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. எவரும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராகத் தெரிவதில்லை. அந்த அலைச்சலில் சோர்ந்து, உழைத்துச் சேர்த்த பணத்தை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கடை எத்தனை அடுக்காக இருந்தாலும் சட்டத்துக்கு அது ஒரே நிறுவனம். உங்கள் கடிதம் அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

பொருத்தும் வேலையும் அப்படியே. கூலி 400 வெள்ளியைக் கடையின் ரசீதில் கட்டியிருந்தால், அந்தச் சேவையை விற்றதும் கடைதான். வேலையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் (53ஆம் பிரிவு), நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் (55ஆம் பிரிவு). வந்தவர்கள் வெளிக் குத்தகையாளர்கள் என்பது கடைக்குச் சாக்காகாது. பணத்தை நீங்கள் அந்த ஆட்களின் கையில் தனியாகக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. ரசீதைப் பாருங்கள்.

இனி நீங்கள் எதைக் கேட்கலாம்? பழுது சரிசெய்யக்கூடியது என்றால், முதலில் கடைக்கு அந்த வாய்ப்பைத் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர்கள் செய்யாவிட்டால் வேறு ஒருவரை வைத்துச் சரிசெய்து செலவைக் கேட்கலாம், அல்லது பொருளையே நிராகரிக்கலாம். கோணல் கதவு இந்த வகை. ஊறிப்போன சிப்போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது. சொன்ன பயனுக்கு உதவாத பொருளை 44ஆம் பிரிவு பெரும் குறையுள்ள பொருளாகவே கருதுகிறது. அதை நீங்கள் உடனே நிராகரிக்கலாம். நிராகரித்தபின் பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் பணமாகத்தான் தர வேண்டும். அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. 3,200 வெள்ளிக்கு 1,500 வெள்ளி வவுச்சர் என்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஈப்போவுக்குக் கொண்டுவாருங்கள் என்கிறார்களே, அதற்கும் 45ஆம் பிரிவில் பதில் இருக்கிறது. நிராகரித்த பொருளைத் திருப்பித் தருவது பொதுவாக வாங்கியவரின் பொறுப்பு. ஆனால் பொருளின் அளவாலோ, அது பொருத்தப்பட்டிருக்கும் விதத்தாலோ, பெரிய செலவில்லாமல் திருப்ப முடியாது என்றால், கடைதான் தன் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்கு லோரி பிடிக்கும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. வாங்கிய பொருளை வேறொன்றோடு சேர்த்துப் பொருத்தி, அதைச் சேதப்படுத்தாமல் பிரிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டால், நிராகரிக்கும் உரிமை போய்விடும் என்கிறது 43ஆம் பிரிவு. திருகாணியால் சுவரில் மாட்டிய கேபினட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் மேல் நீங்கள் தனியாகச் சிமெண்டு பூசி மேடையோ மார்பிளோ பதித்திருந்தால் நிராகரிப்பு கடினம். அப்போது மதிப்புக் குறைவுக்கான இழப்பீடு கேட்பதே வழி. நிராகரிப்பதை நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உண்டு. ஆகவே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

முதல் வேலை ஒரு கடிதம். மலாயில் ஒரு பக்கம் போதும், பிள்ளைகள் உதவுவார்கள். வாங்கிய தேதி, ரசீது எண், நீங்கள் சொன்னது, அவர்கள் சொன்னது, என்ன பழுது, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் வேண்டும். 14 நாள் கெடு நியாயமானது. பொருளை நிராகரிக்கிறேன் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கவுண்டரில் நடந்த பேச்சைச் சேர்க்காதீர்கள். கடைப் பலகையில் இருக்கும் பெயருக்கு எழுதாமல், ரசீதில் சென்டிரியான் பெர்ஹாட் என்று முடியும் நிறுவனப் பெயருக்கும் அதன் பதிவு எண்ணுக்கும் எழுதுங்கள். பெயர் பிசகினால் பிறகு உத்தரவை நிறைவேற்றுவதில் வீண் தொல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடை ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதங்களில் வெளுத்துவிடும், இன்றே நகல் எடுங்கள்.

பதில் வராவிட்டால், வழக்குப் போட வசதி இல்லை என்று நீங்கள் கலங்கத் தேவையில்லை. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேளுங்கள். கட்டணம் 5 வெள்ளி. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மட்டும் விசாரித்த இந்த மன்றத்தின் வரம்பு பின்பு 25,000 ஆனது. 2019 திருத்தத்தால் அது 50,000 வெள்ளி ஆகியிருக்கிறது. குறை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஈப்போவில் போய்ப் பதியலாம், இணையம் வழியாகவும் பதியலாம். தெலுக் இந்தானில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளையிலும் வழி கேட்கலாம். மன்றத்தின் முதல் பாரத்தை (பாரம் 1) நிரப்பிப் பதிந்து, நகலைக் கடைக்குச் சேர்ப்பிக்க வேண்டும்.

அங்கே வழக்கறிஞர்கள் பேச முடியாது, 108ஆம் பிரிவு தடுக்கிறது. என் தொழிலுக்கு வேலையில்லாத அந்த மன்றத்துக்கு நான் மனமாரக் கை கூப்புகிறேன். கடையும் தன் வழக்கறிஞரை நிறுத்த முடியாது, ஓர் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாயும் ஒரு பெரிய நிறுவனமும் சமமாக உட்காரும் இடம் அது. தலைவர் முதலில் இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்ப்பார். முடியாவிட்டால் விசாரித்து, முடிந்தவரை முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பளிப்பார். அந்தத் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் குற்றவியல் வழக்கைச் சந்திக்கும். 3,200 வெள்ளியோடு, இதனால் உங்களுக்கு உண்டான நியாயமான செலவுகளையும் அதே கோரிக்கையில் கேளுங்கள்.

இந்தப் பாதுகாப்பு வீட்டுக்காக வாங்குபவருக்கு. நம் ஆட்கள் பலர் புதுப்பிப்பு வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார்கள். அப்படி வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்த மன்றம் உதவாது. பில்லில் கணவரின் தொழில் பெயர் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுபோல, கேபினட் விழுந்து யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தால் அது சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயம்.

உங்கள் மகன் முகநூலில் எழுதுவதைப் பற்றி. நடந்ததை ரசீதோடும் படத்தோடும் உண்மையாகச் சொல்வது ஒன்று, ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதுவது வேறு. இரண்டாவது, 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் கீழ் உங்கள் மீதே வழக்கைக் கொண்டுவரலாம். கவுண்டரில் நின்ற பெண்ணின் பெயரையோ படத்தையோ போடவே வேண்டாம், அவர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். மன்றத்தில் தீர்ப்பு வரும்வரை எதையும் எழுதாமல் இருக்கச் சொல்லுங்கள். அவனுக்குக் கணினி தெரியும் என்றால் அந்த முதல் பாரத்தை நிரப்பித் தரட்டும்.