மட்டையைச் சாம்பலாக்காதீங்க, கரியாக்குங்க!

சின்னாளப்பட்டி, ஆத்தூர் பக்கத் தென்னந்தோப்புகளில் மட்டை, பாளை, சிரட்டைக்குப் பஞ்சமில்லை. மூடாக்குக்குப் போக மிஞ்சியதைப் பலரும் கொளுத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல்தான். அதையே கரியாக்கினால், காய்ந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தேறும். கரி பல்லாண்டு காலம் மண்ணில் தங்கி ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும்.

டிரெய்லரில் ஏற்றும்போது

மாட்டு வண்டிக்குச் சொன்ன கணக்குத்தான். இரட்டைச் சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழணும். பின்பாரம் ஆனால் டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பு இழக்கும். முன்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும். மட்டை எடை குறைவுன்னு உயரமா அடுக்காதீங்க, வளைவில் சாயும். கயிறு போட்டு இறுக்குங்க. கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசி இருக்கான்னு பாருங்க. ரோட்டில் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டணும். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலையைக் கடப்பவர்கள் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டி, பகலிலேயே நடையை முடிச்சிடுங்க. பாரத்தின் மேல் ஆள் உட்காரக் கூடாது.

சூளை போடும்போது

வாய் 5 அடி அகலம், 3 அடி ஆழத்தில் புனல் மாதிரிக் குழி வெட்டுங்க. மரங்களிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கணும். ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம். ஈரமில்லாத சுள்ளியை அடுக்கி, மேலிருந்து தீ வையுங்க. சூட்டில் விறகிலிருந்து கிளம்பும் வாயுதான் மேலே எரிகிறது. அந்தத் தீ காற்றைக் கீழே விடாமல் தடுப்பதால் அடியில் கிடப்பது கரியாகிறது. மேலடுக்கில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்க. புகை அதிகமானால் ஈரம் இருக்கு, அல்லது ஒரேயடியா அதிகமாப் போட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

குழி நிறைந்து, சுவாலை அடங்கியதும் தாமதிக்காமல் அணைக்கணும். இங்கே விட்டால் எல்லாம் சாம்பல். தண்ணீரை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கம் நின்று ஊற்றுங்க, ஆவி சுட்டுவிடும். குனிந்து புகையைச் சுவாசிக்காதீங்க.

தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது

கறுப்பாத் தெரிந்தாலும் உள்ளே கனல் ஒளிந்திருக்கும். ஓடும் டிரெய்லரில் காற்றுப்பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். கிளறிக் கிளறி நனைத்து, ஒருநாள் பரப்பிப் போட்டு, கை வைத்துச் சூடில்லைன்னு உறுதியானபின் ஏற்றுங்க.

வெறும் கரியை நேரே வயலில் போட்டால் முதலில் பயிரின் சத்தையே அது இழுத்துக்கொள்ளும். உடைத்து, சம அளவு மட்கிய எருவோடு கலந்து, ஜீவாமிர்தம் தெளித்து, நிழலில் 15 முதல் 20 நாள் ஊறவிடுங்க. கரிக்குக் காரத்தன்மை உண்டு. களர் நிலம் உள்ளவர்கள் ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்த்த பிறகு மற்ற இடத்துக்குப் போகலாம்.